கணினி படிக்கும் முதல் கோப்பு

2007 டிசம்பர் 5 அன்று 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டுக்குப் பெரிய அப்டேட் ஒன்று வெளியானது. அதை நடத்துவது ஐஸ்லாந்தைச் சேர்ந்த சிசிபி நிறுவனம். காட்சிகளை மெருகேற்றுவதுதான் நோக்கம். போகிற போக்கில் விளையாட்டின் ஃபோல்டரில் கிடந்த ஒரு பழைய கோப்பையும் அழித்துவிட எண்ணினார்கள். அந்தக் கோப்பின் பெயர் 'பூட்.ஐஎன்ஐ'. அழிக்கும் கட்டளையில் ஃபோல்டரின் பாதை விடுபட்டுப் போய், பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு மட்டும் நின்றது. அப்படி எழுதினால் விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் பொருள், இந்த டிரைவின் உச்சியில் இருக்கும் பூட்.ஐஎன்ஐ. சி டிரைவின் உச்சியில் உண்மையிலேயே அப்படி ஒரு கோப்பு இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி எந்த வட்டில், எந்தப் பார்ட்டிஷனில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று, இயங்குதளத்தை ஏற்றி எழுப்பும் நிரலான பூட்லோடருக்குச் சொல்லும் கோப்பு அது.

அழிந்தது. யாருக்கும் தெரியவில்லை. பூட்லோடர் அந்தக் கோப்பைக் கணினி எழும்போது ஒரு தடவை படித்ததோடு சரி. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்கு அதன் தயவு தேவையில்லை. விளையாட்டு ஓடியது, பிரவுசர் திறந்தது, எல்லாம் வழக்கம்போல. கணினியை அணைத்து மறுபடி போட்டபோதுதான் சிலர் கருப்புத் திரையைப் பார்த்தார்கள்.

எல்லோரும் ஏன் பார்க்கவில்லை? எக்ஸ்பியின் பூட்லோடரான என்டிஎல்டிஆர், பூட்.ஐஎன்ஐ காணோம் என்றால் உடனே கையை விரிப்பதில்லை. கோப்பு சரியில்லை என்று ஒரு வரி முனகிவிட்டு, முதல் வட்டின் முதல் பார்ட்டிஷனில் 'விண்டோஸ்' என்ற ஃபோல்டரில் இயங்குதளம் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு அங்கே போய்ப் பார்க்கும். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் அந்த ஊகம் சரி. இரண்டு இயங்குதளம் வைத்திருந்தவர்கள், வேறு பார்ட்டிஷனில் நிறுவியிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பூட்.ஐஎன்ஐ தப்பான இடத்தைக் காட்டினால் எக்ஸ்பி வழக்கமாகத் தரும் செய்தி இன்னும் விசேஷம்: 'ஹால்.டிஎல்எல்' என்ற கோப்பைக் காணவில்லை அல்லது அது பழுதாகிவிட்டது என்று சொல்லும். அந்தக் கோப்பு பத்திரமாக இருக்கும். பூட்லோடர் தப்பான வீதியில் நின்றுகொண்டு அதைத் தேடியிருக்கும், அவ்வளவுதான். இதை நம்பி ஹால்.டிஎல்எல்லை வேறு கணினியிலிருந்து நகலெடுத்துப் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்கள் அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள்.

பூட்லோடர் படிக்கும் கோப்புகள் ஏன் இவ்வளவு நொய்ந்தவை என்பதற்கான பாதி விடை இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. கோப்பை எழுதுவது, அல்லது கெடுப்பது, முழுதாக விழித்திருக்கும் ஒரு கணினி. அதனிடம் ஜிகாபைட் கணக்கில் நினைவகம், நெட் இணைப்பு, பிழைச் செய்திகளைச் சேமித்துவைக்க இடம் எல்லாம் உண்டு. படிப்பதோ அரைத்தூக்கத்தில் இருக்கும் ஒரு குட்டி நிரல். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ரீபூட் இருக்கிறது. அது ஐந்து நிமிடத்திலும் வரலாம். சர்வராக இருந்தால் ஒன்றரை வருடம் கழித்தும் வரலாம். அதற்குள் கோப்பைத் திருத்தியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

அந்தக் குட்டி நிரலின் வறுமையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பழைய பயாஸ் முறையில் கணினிக்கு மின்சாரம் வந்ததும் பயாஸ், வட்டின் முதல் செக்டரை மட்டும் நினைவகத்தில் ஏற்றி, அதன் கையில் ஆட்சியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். செக்டரின் அளவு 512 பைட். அதிலும் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்குப் போய்விடும், கடைசி 2 பைட் 'இது பூட் செக்டர்தான்' என்பதற்கான முத்திரை. நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தியைத் தமிழ் யூனிகோடில் சேமித்தால் அதற்குள் அடங்காது. 446 பைட்டில் ஒரு ஃபைல் சிஸ்டத்தைப் புரிந்துகொண்டு, கோப்பைத் தேடித் திறந்து, வரிவரியாகப் படித்து அர்த்தம் பண்ணுவது நடக்கிற காரியமில்லை. அதனால் அந்த முதல் துண்டு ஒரே வேலைதான் செய்யும்: வட்டின் இன்னோர் இடத்திலிருந்து சற்றுப் பெரிய துண்டை ஏற்றும். உரைக்கோப்பைப் படிக்கும் வேலை அந்த இரண்டாவது துண்டுக்கு.

படிக்காமலே இருந்தால் என்ன? அப்படியும் ஒரு காலம் இருந்தது. 1990களில் லினக்ஸ் கணினிகளை எழுப்பியது பெரும்பாலும் லைலோ. 1992 முதல் வெர்னர் ஆல்மஸ்பெர்கர் எழுதிவந்த நிரல். லைலோவின் பூட் துண்டுக்கு ஃபைல் சிஸ்டம் என்றால் என்னவென்றே தெரியாது, கான்ஃபிக் கோப்பையும் அது பார்ப்பதில்லை. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் லைலோ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். அது கான்ஃபிக் கோப்பைப் படித்து, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வட்டின் எந்தெந்தச் செக்டர்களில் இருக்கிறது என்று கணக்கெடுத்து, அந்த எண்களைத் தனியாகக் குறித்துவைக்கும். கணினி எழும்போது அந்த எண்களைப் பார்த்து ஏற்றினால் போதும். கான்ஃபிக்கில் எழுத்துப்பிழை இருந்தால் கட்டளை கொடுத்த இடத்திலேயே, பகல் வெளிச்சத்தில், திட்டு விழும். பிழையும் திருத்துகிற ஆளும் ஒரே சமயத்தில் ஒரே அறையில் இருப்பார்கள். இந்த யோசனை பழசாகிவிட்டாலும் அதன் அருமையை நாம் குறைத்துத்தான் மதித்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் லைலோவுக்கு வேறு வியாதி. புதிய கெர்னலை நிறுவிவிட்டு அந்தக் கட்டளையைக் கொடுக்க மறந்தால், குறித்துவைத்த எண்கள் பழையவையாகவே இருக்கும். கெர்னல் இடம் மாறியிருக்கும். லைலோ எழும்போது தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொன்றாகத் திரையில் போடும், ஒவ்வொரு கட்டம் தாண்டியதற்கும் ஓர் எழுத்து. 'எல்' மட்டும் வந்து நின்றால் இரண்டாம் துண்டு ஏறவில்லை. 'எல்ஐ' என்று நின்றால் இரண்டாம் துண்டு ஏறியது, ஆனால் ஓடவில்லை. 'எல்ஐஎல்' என்றால் அது ஓடத் தொடங்கிவிட்டது, எண் பட்டியலைத்தான் படிக்க முடியவில்லை. சில சமயம் முதல் எழுத்துக்குப் பின்னால் திரை நிறைய 99, 99, 99 என்று பிழை எண் ஓடும். நான்கு எழுத்தில் இவ்வளவு நோய்க்குறி சொல்லும் நிரலை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இந்த மறதி நோய்க்கு மருந்தாக எல்லோரும் போன இடம் க்ரப். 1995இல் எரிக் போலின், குனு ஹர்டு இயங்குதளத்தை எழுப்புவதற்காகத் தொடங்கியது. க்ரப்புக்கு ஃபைல் சிஸ்டங்கள் புரியும். கணினி எழும் அந்த நிமிடத்தில் அதுவே வட்டில் தேடி, கான்ஃபிக் கோப்பைத் திறந்து படிக்கும். கோப்பைத் திருத்தினால் போதும், வேறு கட்டளை வேண்டாம். மெனுவிலேயே ஒரு வரியைத் திருத்தி, அந்த ஒரு தடவைக்கு மட்டும் வேறுவிதமாக எழுப்பிப் பார்க்கவும் முடியும். பெரிய வசதிதான். ஆனால் பிழை வெளிப்படும் இடம் பகலிலிருந்து இருட்டுக்கு மாறிவிட்டது.

முதல் க்ரப்பின் கோப்பு எளியது, நாலைந்து வரியில் ஒரு கெர்னல். அதிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. வட்டுகளையும் பார்ட்டிஷன்களையும் அது பூஜ்யத்திலிருந்து எண்ணும். முதல் வட்டின் முதல் பார்ட்டிஷன் 'எச்டி 0, 0'. பின்னர் முழுதாகத் திருப்பி எழுதப்பட்ட க்ரப் 2 வந்தபோது வட்டுகளைப் பூஜ்யத்திலிருந்தும் பார்ட்டிஷன்களை ஒன்றிலிருந்தும் எண்ண ஆரம்பித்தது. அதே பார்ட்டிஷன் 'எச்டி 0, 1' ஆனது. பழைய பழக்கத்தில் எழுதியவர்கள் பக்கத்துப் பார்ட்டிஷனின் கதவைத் தட்டினார்கள். இதற்கெல்லாம் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, ஆனால் மனிதர் கையால் எழுதும் கோப்பில் எண்ணும் முறையை மாற்றுவது எவ்வளவு விபரீதம் என்று அப்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

க்ரப் 2 செய்த பெரிய மாற்றம் வேறு. அதன் கான்ஃபிக் கோப்பு இனிமேல் பட்டியல் இல்லை, ஒரு நிரல். மாறிகள் உண்டு, 'இப்படி இருந்தால் அப்படிச் செய்' உண்டு, சுழற்சி உண்டு, ஃபங்ஷன்கள் உண்டு. லினக்ஸ் ஷெல் எழுதத் தெரிந்தவர் உடனே படித்துவிடலாம். சாதாரண கணினியில்கூடச் சில நூறு வரி இருக்கும். உச்சியிலேயே 'இந்தக் கோப்பைத் தொடாதே' என்று எச்சரிக்கை. மனிதர்கள் தொட வேண்டியது வேறு சில கோப்புகளை. அவற்றிலிருந்து ஒரு கருவி இந்தக் கோப்பைத் தயாரித்துத் தரும். ஒரு கோப்பு மனிதர் எழுத முடியாத அளவுக்குச் சிக்கலாகிவிட்டது, அதனால் அதை எழுதக் கணினியை அமர்த்தியிருக்கிறோம். அப்படியானால் அதை எதற்கு உரைக்கோப்பாக வைத்திருக்கிறோம் என்று கேட்பவருக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

தயாரிக்கும் கருவி ஒன்று, படிக்கும் நிரல் ஒன்று என்று பிரிந்துவிட்டால் இரண்டும் வேறு வேறு வயதில் இருக்கலாம். 2022 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. ஆர்ச் லினக்ஸ், அதை அடிப்படையாகக் கொண்ட எண்டெவர்ஓஎஸ் ஆகியவற்றில் க்ரப்பின் புதிய பதிப்பு இறங்கியது. க்ரப்பின் மெனுவில், கணினியோடே பிறந்த அடிப்படை நிரலான ஃபர்ம்வேரின் செட்டிங்ஸுக்குப் போக ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த வசதி இந்தக் கணினியில் உண்டா என்று தெரிந்தால்தான் அந்த வரியைக் காட்ட வேண்டும். புதிய கருவி, கான்ஃபிக் கோப்பில் இதற்காக ஒரு கேள்வியை எழுதிவைத்தது: 'எஃப்டபிள்யூசெட்டப்' என்ற கட்டளையை, 'ஆதரவு இருக்கிறதா' என்று மட்டும் கேட்கும் ஒரு குறிப்போடு அழை, ஆம் என்றால் மெனுவில் வரியைச் சேர்.

புதிய க்ரப்புக்கு அந்தக் குறிப்பு புரியும். ஆனால் பேக்கேஜைப் புதுப்பித்தால் மாறுவது லினக்ஸுக்குள் இருக்கும் கருவிகள்தான். பூட் பகுதியில் முன்பே நிறுவிய க்ரப் அப்படியே கிடக்கும்; அதை மாற்றத் தனியாக ஒரு கட்டளை வேண்டும். பல கணினிகளில் அந்தக் கட்டளை ஓடவில்லை. ஆக, புதிய கோப்பைப் பழைய க்ரப் படித்தது. 'எஃப்டபிள்யூசெட்டப்' என்ற கட்டளை அதற்குத் தெரியும். பின்னால் இருந்த குறிப்பு தெரியாது. தெரியாததைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, தெரிந்ததைச் செய்தது: கணினியை நேராக ஃபர்ம்வேர் செட்டிங்ஸுக்குள் தள்ளியது. மெனு வருவதற்கு முன்பே. வெளியே வந்து மறுபடி எழுப்பினால் மறுபடி அங்கேயே. 'முடியுமா?' என்று கேட்ட கேள்வி 'செய்!' என்று போய்ச் சேர்ந்தது. யுஎஸ்பியில் வேறொரு லினக்ஸை வைத்து எழுப்பி, உள்ளே புகுந்து, க்ரப்பைத் திரும்ப நிறுவும்வரை விடுதலை இல்லை. ஆகஸ்ட் 30 அன்று ஆர்ச் தன் செய்திப் பக்கத்தில் விளக்கம் வெளியிட்டது.

க்ரப்போடு ஒரு சோதனைக் கருவியும் வருகிறது. கான்ஃபிக் கோப்பைக் கொடுத்தால் இலக்கணப் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும். இந்தக் கோப்பை அதனிடம் கொடுத்திருந்தால் ஒரு பிழையும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கும். உண்மையும் அதுதான், கோப்பில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை.

இதுவரை பார்த்ததெல்லாம் தற்செயல் விபத்துகள். வேண்டுமென்றே ஒருவர் பார்சரைக் குழப்ப நினைத்தால்? இங்கே பார்சர் என்பது உரையைச் சொற்களாக உடைத்துப் பொருள் காணும் நிரல்பகுதி. 2020 ஜூலை 29 அன்று எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'பூட்ஹோல்' என்று பெயரிட்டு ஓர் ஓட்டையை வெளியிட்டது. கண்டுபிடித்தவர்கள் ஜெஸ்ஸி மைக்கேல், மிக்கி ஷ்காடோவ்.

இதைப் புரிந்துகொள்ளச் செக்யூர் பூட் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். கணினியின் ஃபர்ம்வேர், மின்கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே ஓடவிடும். மைக்ரோசாஃப்டின் கையொப்பம் உள்ள 'ஷிம்' என்ற சிறு நிரலை ஃபர்ம்வேர் சரிபார்க்கும், ஷிம் க்ரப்பைச் சரிபார்க்கும், க்ரப் கெர்னலைச் சரிபார்க்கும். சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் கையொப்பம். கான்ஃபிக் கோப்புக்கு மட்டும் இல்லை. இருப்பதும் எளிதில்லை, அது கணினிக்குக் கணினி மாறும், ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் திரும்ப எழுதப்படும். யார் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது? வெறும் உரைதானே, அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று விட்டிருந்தார்கள்.

க்ரப்பின் பார்சர், உரையைச் சொற்களாக உடைக்கும் வேலையை ஃப்ளெக்ஸ் என்ற கருவி உருவாக்கித் தந்த நிரலிடம் விட்டிருக்கிறது. ஃப்ளெக்ஸ் 1980களில் வெர்ன் பாக்ஸன் எழுதியது, எத்தனையோ ஆயிரம் நிரல்களில் ஓடுவது. ஒரு சொல், அதற்காக ஒதுக்கிய பஃபரைவிட நீளமாக இருந்தால் என்ன செய்வது என்று ஃப்ளெக்ஸுக்குத் தெரியும்: பெரும்பிழை என்று ஒரு பகுதியை அழைக்கும். அந்தப் பகுதி செய்தியைக் காட்டிவிட்டு நிரலை முடித்துவிடும், திரும்பி வராது. திரும்பி வராது என்ற நம்பிக்கையில்தான் அதற்கு அடுத்த வரி எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த வரி, சொல்லைப் பஃபருக்குள் நகலெடுக்கும் வரி.

சாதாரண நிரலில் முடித்துவிடுவது சுலபம். ஆட்சியை இயங்குதளத்திடம் திருப்பிக் கொடுத்தால் போதும். பூட்லோடருக்குப் பின்னால் அப்படி ஓர் இயங்குதளம் இன்னும் பிறக்கவே இல்லை. க்ரப்பில் அந்தப் பெரும்பிழைப் பகுதியை மாற்றி எழுதியிருந்தார்கள். செய்தியைத் திரையில் அச்சிடும். பிறகு, ஒன்றும் நடக்காததுபோல, திரும்பி வந்துவிடும். ஃப்ளெக்ஸ் அடுத்த வரிக்குப் போகும். இடம் போதாத பஃபருக்குள் அந்த நீளமான சொல் முழுவதையும் கொட்டும். பக்கத்து நினைவகம் நிரம்பி வழியும். பெரும்பிழை என்று தானே அறிவித்துவிட்டு அந்தப் பெரும்பிழையைத் தானே செய்யும் நிரல்.

வழியும் அந்த எழுத்துகளைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தால் அவை கட்டளைகளாக ஓடும். சாதாரண இயங்குதளங்களில் இதைத் தடுக்கப் பல அரண்கள் உண்டு: நிரலின் முகவரிகளை ஒவ்வொரு தடவையும் கலைத்துப் போடுவது, தரவு இருக்கும் இடத்தை ஓடவிடாமல் தடுப்பது. கணினி எழும் அந்தக் கட்டத்தில் அவை எதுவும் இருக்கவில்லை. கான்ஃபிக் கோப்பைத் திருத்த நிர்வாகி உரிமை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நிர்வாகி உரிமையைக் கைப்பற்றியவர்கூட இயங்குதளத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே செக்யூர் பூட்டையே கொண்டுவந்தார்கள். ஓட்டைக்கு சிவிஇ-2020-10713 என்று எண் கொடுத்தார்கள், 10க்கு 8.2 என்று தீவிரம் மதிப்பிட்டார்கள். திருத்தம் மிகச் சிறியது: அந்தப் பகுதி இனித் திரும்பி வராது.

சிறிய திருத்தம்தான், ஆனால் பரப்புவது பெரும்பாடு. பழைய, ஓட்டையுள்ள க்ரப்புக்கும் செல்லுபடியாகும் கையொப்பம் இருக்கிறதே; தாக்குபவர் அதையே கொண்டுவந்து வைத்துவிட்டால்? அதனால் பழையவற்றைத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டியல் இருப்பது கணினியின் ஃபர்ம்வேருக்குள், அங்கே இருக்கும் இடம் சுமார் 32 கிலோபைட். இந்த ஒரு ஓட்டைக்கு மட்டும் 3 சான்றிதழ்களையும் 150 நிரல்களின் அடையாளங்களையும் சேர்க்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட 10 கிலோபைட் போயிற்று. இன்னும் இரண்டு பூட்ஹோல் வந்தால் இடம் காலி. இதற்கிடையில், அவசர அவசரமாக வெளியான திருத்தங்களை நிறுவிய ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ் கணினிகளில் கணிசமானவை எழாமலே போயின. தாக்குதலுக்குப் பயந்து போட்ட ஊசியே படுக்கையில் தள்ளிய கதை.

இடப் பற்றாக்குறைக்குத் தீர்வாக வந்தது எஸ்பேட் என்ற ஏற்பாடு. ஒவ்வொரு நிரலையும் தனித்தனியாகத் தடை செய்யாமல், பூட்லோடர்களுக்குத் தலைமுறை எண் கொடுப்பது. இன்ன தலைமுறைக்குக் கீழே உள்ளதை ஏற்றாதே என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது. நல்ல யோசனை. அந்த விவரம் நிரலுக்குள் எந்த வடிவில் எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? காற்புள்ளி போட்டுப் பிரித்த உரை வரிகளாக. அவற்றையும் ஒரு பார்சர் படிக்கிறது. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் அப்டேட் வழியாக இந்தத் தலைமுறை எண்ணை உயர்த்தியபோது, அதே கணினியில் லினக்ஸும் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் எழவில்லை. பாதுகாப்புக் கொள்கை மீறப்பட்டது என்று ஒரு வரி, பிறகு கணினி அணைந்துவிடும்.

மேசை மேல் கிடக்கும் சின்னக் கணினிகளிலும் இதே கதைதான், ஆனால் சத்தமில்லாமல். ராஸ்பெர்ரி பையின் 'கான்ஃபிக்.டிஎக்ஸ்டி' கோப்பைப் படிப்பது லினக்ஸ் இல்லை, முதன்மைப் பிராசசர்கூட இல்லை, அதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் கிராஃபிக்ஸ் சிப்பின் ஃபர்ம்வேர். புரியாத வரியை அது சண்டை போடாமல் தாண்டிப் போய்விடும். ஒரு வரியில் 98 எழுத்துக்கு மேல் எழுதினால் மிச்சத்தைக் கண்டுகொள்ளாது. 'பை4' என்று சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு இருந்தால் அதற்குக் கீழே உள்ளவை அந்த மாடலுக்கு மட்டும். எங்கோ ஒரு குறிப்பில் பார்த்த வரியைக் கோப்பின் கடைசியில் ஒட்டிவிட்டு, அது தப்பான தலைப்பின் கீழ் விழுந்ததை அறியாமல் சிப் கெட்டுவிட்டதோ என்று மாய்ந்துபோவார்கள். பக்கத்தில் இருக்கும் 'சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி' அதைவிடக் கறார்: எல்லாமே ஒரே வரியில் இருக்க வேண்டும். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று நடுவில் என்டர் தட்டினால் அதற்குப் பிறகு உள்ளவை போயே போயின. எச்சரிக்கை காட்டத் திரையே இன்னும் தயாராகாத கட்டம் அது, சத்தம் போடு என்று அதைக் கேட்பதும் நியாயமில்லை.

படிப்பதே இவ்வளவு கஷ்டம் என்றால் எழுதுவது? பூட்லோடர் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன தடவை மெனுவில் எதைத் தேர்ந்தார்கள், போன தடவை ஒழுங்காக எழுந்ததா. க்ரப்புக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும், புதிதாக எழுதவோ நீட்டவோ தெரியாது. அதனால் 'க்ரப்என்வ்' என்ற ஒரு கோப்பு முன்கூட்டியே 1024 பைட் அளவில் இருக்கும். காலி இடம் முழுக்க ஹாஷ் குறியால் நிரப்பியிருக்கும். ரயில் ரிசர்வேஷன் படிவத்தின் கட்டங்களில் பெயர் எழுதுவதுபோல, இருக்கும் இடத்துக்குள்ளேயே அழித்து எழுதும், ஒரு பைட் கூடவோ குறையவோ கூடாது. சின்னக் கோப்புதானே என்று டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தால் அளவு 1025 ஆகிவிடும். அடுத்த தடவை அது செல்லாத கோப்பு. பூட் பகுதி, வட்டுகளை இணைத்தும் பிரித்தும் ஆளும் எல்விஎம் மேலோ ரெய்டு மேலோ இருந்தால் இந்த அழித்தெழுதலும் முடியாது. உபுண்டு 14.04 காலத்தில் பலர் இதனால் ஒவ்வொரு காலையும் ஒரு பிழை வரியைப் பார்த்து, ஏதாவது ஒரு விசையைத் தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

உபுண்டு இந்தக் கோப்பில் வைத்த ஒரு குறிப்பு இன்னும் சுவாரசியம். எழத் தொடங்கும்போது 'தோல்வி' என்று எழுதிவைக்கும். முழுதாக எழுந்துவிட்டால் லினக்ஸ் அதை அழித்துவிடும். நடுவில் கரண்ட் போனால் குறிப்பு அப்படியே நிற்கும். அடுத்த தடவை க்ரப் அதைப் பார்த்து, ஏதோ சரியில்லை, மனிதரைக் கேட்டுக்கொள்வோம் என்று மெனுவைக் காட்டிக் காத்திருக்கும். முதலில் அதற்குக் கால வரம்பே வைக்கவில்லை. மேசைக் கணினிக்கு அது மரியாதையான நடத்தை. டேட்டா சென்டரில், கீபோர்டும் திரையும் இல்லாத சர்வர், கரண்ட் வந்த பிறகும் யாரோ வந்து என்டர் தட்டுவார்கள் என்று ராத்திரி முழுக்க நின்றது. பிற்பாடு 30 விநாடி வரம்பு வைத்தார்கள்.

இந்தச் சிக்கலை வேறுவிதமாக அணுகியவர்களும் உண்டு. ரவுட்டர்கள் போன்ற பெட்டிகளுக்குள் அதிகம் குடியிருக்கும் யூ-பூட், வோல்ஃப்காங் டெங்க் தொடங்கியது. அது தன் அமைப்புகளை ஒரு கூட்டுச்சரிபார்ப்பு எண்ணோடு சேமிக்கிறது. முதல் 4 பைட் அந்த எண், அதற்குப் பின்னால் பெயரும் மதிப்புமாக வரிசை. எழும்போது எண்ணைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கவே முயலாது. எண் சரியில்லை என்று ஒரு வரி எச்சரித்துவிட்டு, தன்னோடு பிறந்த இயல்பு அமைப்புகளை எடுத்துக்கொள்ளும். வேண்டுமானால் இரண்டு பிரதிகள் வைத்து, ஒன்றை எழுதும்போது மற்றதைத் தொடாமல் விடலாம். பாதி படித்துப் பாதி ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல். இதற்கும் விலை உண்டு: பெட்டி எழுந்துவிடும், ஆனால் அதன் நெட்வொர்க் முகவரி போன்ற சொந்த விவரங்கள் அந்த அமைப்புகளில் இருந்திருந்தால் அவை தொலைந்திருக்கும்.

லினக்ஸுக்கான மற்றொரு பூட்லோடரான சிஸ்டம்டி-பூட் இன்னொரு திசையில் போனது. க்ரப் 2 சேர்த்த எல்லாவற்றையும் அது கழித்துவிட்டது. நிபந்தனை இல்லை, சுழற்சி இல்லை, ஃபங்ஷன் இல்லை. ஒரு கெர்னலுக்கு ஒரு சிறு கோப்பு; வரிக்கு ஒரு பெயர், ஒரு மதிப்பு. ஒரு கோப்பு கெட்டால் மெனுவில் ஒரு வரி குறையும், மற்றவை நிற்கும். க்ரப்பால் முடிகிற வித்தைகள் பல இதனால் முடியாது, வட்டின் மற்ற ஃபைல் சிஸ்டங்களைத் தானாகப் படிக்கவும் தெரியாது. என் கணினிக்கு இது போதும் என்று நினைப்பவர்கள் கட்சியில்தான் நானும்.

போன தடவை எழுந்ததா என்ற அதே கேள்விக்கு அது கண்டுபிடித்த வழியைப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையைக் கோப்புக்குள் எழுதாமல் கோப்பின் பெயரிலேயே எழுதுகிறது. புதிய கெர்னலின் கோப்புப் பெயர் '+3' என்று முடிந்தால் மூன்று வாய்ப்பு மீதம். ஒரு தடவை முயன்றதும் பெயர் '+2-1' ஆகும்: மீதம் இரண்டு, முயன்றது ஒன்று. லினக்ஸ் ஒழுங்காக எழுந்துவிட்டால் அந்த வாலை வெட்டிவிடும். எழாமல் எழாமல் '+0-3' ஆகிவிட்டால் அந்தக் கெர்னல் மெனுவின் அடிக்குப் போய், பழைய, ஒழுங்காக ஓடிய கெர்னல் தானாக முன்னுக்கு வரும். கோப்புக்குள் எழுதினால் நடுவில் கரண்ட் போய் அரைகுறையாக நிற்கலாம். பெயரை மாற்றும்போது தரவுக்கு இடம் ஒதுக்கவோ விடுவிக்கவோ வேண்டியதில்லை. எளிய ஃபைல் சிஸ்டத்திலும் அது பெரும்பாலும் ஒரே வீச்சில் முடிந்துவிடும். கோப்பை நீக்கினால் அதன் கணக்கும் சேர்ந்தே போய்விடும்.